நம்மாளும் புது ஹீரோவும் அத்தையும்

என் மாமா அந்த ட்ரெய்லரை எனக்கு முன்னால் அத்தையோடு உட்கார்ந்து பார்த்துவிட்டார். நடந்தது அவ்வளவுதான். இதற்கா இவ்வளவு கூத்து என்று கேட்பீர்கள். கேளுங்கள், சொல்கிறேன்.

மாமா என்றால் அம்மாவின் கடைசித் தம்பி. கடலூர் சிப்காட்டில் சாயம் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் ஷிப்ட் வேலை. 2004-ல் எனக்குப் பதினொரு வயது, அவருக்கு இருபத்திரண்டு. அந்த வருஷம் ஒருநாள் மத்தியானம் அவர் என்னைத் திருப்பாப்புலியூரில் ஒரு தியேட்டருக்குக் கூட்டிப்போனார். முகமூடி மாட்டிக்கொண்டு ஊரைக் காப்பாற்றுகிற இங்கிலீஷ்காரன் படம், தமிழ் பேசியது. அது இரண்டாம் பாகம். முதல் பாகத்தை நான் பார்த்ததில்லை. அதனால் மாமா படம் முழுக்க என் காதருகே குனிந்து முன்கதை சொல்லிக்கொண்டே இருந்தார். "இவன்தான் அவனோட ஃபிரண்டு, ஆனா இவனுக்குத் தெரியாது." "இந்தப் பொண்ணைத்தான் போன படத்துல காப்பாத்துனான்." அந்த முகமூடிக்காரனுக்கு மாமா வைத்த பேர் 'நம்மாளு'. நம்மாளு மாட்டிக்கிட்டான், நம்மாளு தப்பிச்சிட்டான். பின் வரிசையிலிருந்து ஒருத்தர், "யோவ், வாய மூடுய்யா" என்று கத்தினார். மாமா இரண்டு நிமிஷம் சும்மா இருந்தார். பிறகு இன்னும் குனிந்து, இன்னும் மெதுவாகச் சொன்னார்.

அடுத்த பாகம் வந்தபோது எனக்குப் பதினாலு. அதற்குள் நான் தேறியிருந்தேன். பேப்பரில் வந்த துணுக்கு, டிவியில் போட்ட முதல் பாகம் என்று எல்லாம் எனக்கு அத்துப்படி. இந்தத் தடவை காதில் சொன்னவள் நான், கேட்டுக்கொண்டவர் அவர். அவர் "அப்பிடியா பாப்பா!" என்று வாயைப் பிளந்தபோது எனக்கு வந்த கர்வம் பத்தாம் வகுப்பு மார்க்குக்குக்கூட வந்ததில்லை.

நாங்கள் கிளம்பும்போதெல்லாம் சொந்தக்காரர்கள் கேலி செய்வார்கள். "மாமனும் மருமவளும் ஜோடி போட்டுக்கிட்டுக் கெளம்பிட்டாங்கடா" என்பார்கள். எங்கள் சனத்தில் தாய்மாமனைக் கட்டிக்கொள்கிற வழக்கம் உண்டு, அதனால் முறை உள்ள இடத்தில் இந்தக் கேலி சகஜம். மாமாவுக்குப் பெண் தேட ஆரம்பித்தபோது ஒரு பெரியப்பா, "வெளியில எதுக்குத் தேடற, உள்ளயே ஒண்ணு இருக்குதே" என்று என்னைக் காட்டினார். மாமா அலறியே விட்டார். "ஐயையோ, அதுக்கு மூக்கு சிந்தி விட்டவன்யா நான்!" எல்லாரும் சிரித்தார்கள், அதிலும் நான்தான் ஜாஸ்தியாகச் சிரித்தேன். பெண்ணாடத்துக்குப் பெண் பார்க்கப் போன வேனில் ஜன்னல் சீட்டில் உட்கார்ந்துகொண்டு போனதும் நான்தான். பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று முதலில் சொன்னதுகூட நான்தான் என்று நினைக்கிறேன். புத்தி கெட்டவள்.

கல்யாணம் முடிந்தபோது நான் சிதம்பரத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் நம்மாளை மறுபடியும் எடுக்கிறார்கள் என்று செய்தி வந்தது. நாலாம் பாகம் இல்லையாம். பழைய ஹீரோவைத் தூக்கிவிட்டுப் புது ஆளைப் போட்டு, கதையை ஆனா ஆவன்னாவிலிருந்து ஆரம்பிக்கிறார்களாம். மாமாவுக்குப் போன் போட்டேன்.

"மாமா, ட்ரெய்லர் வந்தா நாம சேர்ந்துதான் பாக்கணும். எனக்கு முன்னாடி பாத்தீங்க, கொன்னுடுவேன்."

"சத்தியமா பாக்க மாட்டேன் பாப்பா. நீ வந்தப்புறம்தான்."

ட்ரெய்லர் ஒரு புதன்கிழமை வந்தது. எங்கள் ஹாஸ்டலில் லேப்டாப் வைத்திருந்த ஒருத்தி, "ஏய், வாடி, உன் ஆளு வந்துட்டான்" என்று ரூம் வாசலில் நின்று கத்தினாள். அதைப் பார்க்க எட்டுப் பேர் ஓடினார்கள். நான் போகவில்லை. காதைப் பொத்திக்கொண்டு பாத்ரூம் பக்கம் போய் நின்றேன். மெஸ்ஸில் அதைப் பற்றிப் பேச்சு வந்தால் தட்டை எடுத்துக்கொண்டு வேறு பெஞ்சுக்குப் போனேன். வியாழன், வெள்ளி இரண்டு நாளும் இப்படியே ஓடியது. பிரசவத்துக்குப் பத்தியம் இருப்பவள்கூட அவ்வளவு கட்டுப்பாடாக இருந்திருக்க மாட்டாள்.

சனிக்கிழமை காலை பஸ் ஏறினேன். சிப்காட் நெடி ஜன்னல் வழியாக வந்ததும் பஸ்ஸில் எல்லாரும் மூக்கைப் பொத்தினார்கள். எனக்கு அது மாமா சட்டையின் வாசனை. ஊர் வந்துவிட்டது என்று சந்தோஷமாக எழுந்து நின்றேன். முதுநகரில் இறங்கி மாமா வீட்டுக்கு ஓடாத குறையாகப் போனேன். கதவைத் திறந்த அத்தை வாய் நிறையச் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"வா பாப்பா! அந்த ட்ரெய்லர் பாத்தியா? கடேசில அந்தக் கோபுரத்து மேலேர்ந்து கண்ண மூடிக்கிட்டுக் குதிக்கறான் பாரு, எனக்கு வயித்தக் கலக்கிடுச்சு!"

நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அவளுக்குப் பின்னால் லுங்கியோடு நின்ற மாமாவைப் பார்த்தேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"இல்ல பாப்பா... நேத்து ஷிப்ட் முடிஞ்சி வந்தேன். கரண்ட் இருந்துச்சி. இருக்கறப்பவே பாத்துக்கலாம்னு இவதான்... சரி வா, இப்பப் போட்டுக் காட்டறேன்."

கம்ப்யூட்டர் பட்டனை அமுக்கினார். கரண்ட் இல்லை. அந்த வருஷம் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று சாமிக்கே தெரியாது. மூன்று பேரும் இருட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

எனக்கு வயிறு எரிந்தது. அத்தையோ அது தெரியாமல் விசிறிக்கொண்டே பேசினாள். புது ஹீரோ நல்ல அழகாம். உடுப்பு நல்லா இருக்காம். நான் பொறுக்க முடியாமல், "முன்னாடி வந்த பாகமெல்லாம் பாக்காம உங்களுக்கு இன்னா அத்தை புரியும்?" என்றேன்.

"அதான் மொதல்லேர்ந்து எடுக்கறாங்களாமே. அவுரு சொன்னாரு. இனிமே எல்லாரும் ஒண்ணாங்கிளாஸ்தானே, நீயும் நானும்?"

அவள் வெகுளியாகத்தான் சொன்னாள். அது எனக்கு இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு அவள் என் எட்டு வருஷத்தைத் துடைப்பத்தால் கூட்டி வாசலில் தள்ளிய மாதிரி இருந்தது. பரீட்சைக்குப் படிக்கணும் என்று பொய் சொல்லிவிட்டு, அவள் வறுத்துக்கொண்டிருந்த மீனைக்கூடத் தொடாமல் கிளம்பிவிட்டேன்.

சிதம்பரத்தில் இறங்கி நேரே கீழவீதியில் இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போனேன். இரண்டரை நிமிஷ ட்ரெய்லர், சுற்றிச் சுற்றி நின்று ஓடி முடிய பத்து நிமிஷம் ஆயிற்று. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அருமையாக இருந்தது. அந்தக் கோபுரத்துக் குதியில் எனக்கு மயிர் கூச்செறிந்தது. ஐந்து தடவை பார்த்தேன். ஆறாவது தடவை பார்க்கும்போது மாமா உட்காருகிற வலது பக்கத்தில் யாரும் இல்லை என்பது உறைத்து அழுகை வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பேஸ்புக்கைத் திறந்து, அந்த ட்ரெய்லரைக் கிழி கிழி என்று கிழித்தேன்.

நம்மாளுக்குத் தமிழ் ரசிகர்கள் நடத்திய பக்கம் ஒன்று இருந்தது. மாமாவும் நானும் அதில் இருந்தோம். அந்த வாரம் அங்கே ரணகளம். பாதிப் பேர் புது ஹீரோ கட்சி, மீதிப் பேர் பழைய ஹீரோ கட்சி. "பழைய ஆளு மூஞ்சியில ஒரு சோகம் இருக்கும், இவன் மூஞ்சியில ஜெல்லுதான் இருக்கு" என்றான் ஒருத்தன். "டிரெஸ்ஸு சோபா கவர் மாதிரி இருக்கு" என்றான் இன்னொருத்தன். "உங்க தாத்தா காலத்து ஹீரோவ நீங்களே வச்சிக்குங்க" என்று பதில் வந்தது. ஒருத்தர் ட்ரெய்லரைச் ஃபிரேம் ஃபிரேமாக நிறுத்திப் பார்த்து, முகமூடியில் கண் பெரிதாகிவிட்டது என்று பக்கம் பக்கமாக எழுதினார். பிடித்துப்போன படத்தைப் பிடிக்கவில்லை என்று எழுதியவள் அங்கே நான் ஒருத்தியாகத்தான் இருந்திருப்பேன். எழுத எழுத எனக்கே அது நிஜம் மாதிரி ஆனது.

நாலைந்து நாள் கழித்து அங்கே புதிதாக ஒரு பெண் பேர் முளைத்தது. படத்துக்குப் பதில் ஒரு ரோஜாப்பூ. "சூப்பர். புது ஹீரோ நல்லாருக்காரு. எப்ப வரும்னு இருக்கு" என்று எழுதியிருந்தது. அத்தை! மாமாதான் கணக்கு ஆரம்பித்துக் கொடுத்திருக்கிறார். அதற்கு முதல் லைக்கும் மாமா போட்டதுதான். என்னுடைய இரண்டு பக்கத் திட்டுக்கு அவர் லைக் போடவில்லை.

யோசிக்காமல் அடித்தேன். "நேத்து வந்தவங்கல்லாம் இதுல கருத்து சொல்ல வேணாம். நானும் மாமாவும் எட்டு வருஷமாப் பாக்கறோம். உங்களுக்கு முன்னாடியே இங்க நான் இருக்கேன்."

பழைய ஹீரோ கட்சிக்காரர்கள் கொண்டாடிவிட்டார்கள். "சிஸ்டர் செம", "சரியான சவுக்கடி" என்று முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் லைக் போட்டுத் தள்ளினார்கள். நான் மிதப்பாகத் தூங்கினேன். அத்தையின் சித்தப்பா பையனும் அந்தப் பக்கத்தில் இருக்கிறான் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

ஞாயிற்றுக்கிழமை அம்மா ஹாஸ்டலுக்கு வந்தாள். கையில் சுறாப்புட்டு டப்பா. அதை என்னிடம் கொடுக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு, பார்வையாளர் அறையின் மூலை பெஞ்சில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்தாள். கண் கலங்கியிருந்தது.

"எங்கிட்ட ஒளிக்காம சொல்லு. உனக்கு மாமா மேல ஆசை இருந்துச்சா?"

"இன்னாம்மா உளர்ற?"

"அப்பவே வாயத் தொறந்து சொல்லித் தொலைச்சிருக்கலாம்லடி? இப்ப ஒருத்தி கழுத்துல தாலி ஏறுனப்புறம், உனக்கு முன்னாடியே நான் இருக்கேன்னு ஊரு பாக்க எழுதறியே? அவ பொட்டியத் தூக்கிக்கிட்டுப் பெண்ணாடம் போயிட்டா. மொறைப்பொண்ணு மனசுல இப்பிடி இருக்குன்னு தெரிஞ்சா நாங்க பொண்ணே குடுத்திருக்க மாட்டோம்னு அவுங்க அம்மா போன்ல கத்தறாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம்தான் அவள் கேட்டது உறைத்தது. "ஐயோ அம்மா! அது ட்ரெய்லருக்காகம்மா! எனக்கு முன்னாடி அவுங்க ரெண்டு பேரும் பாத்துட்டாங்க, அந்தக் கோவம்!"

"ஒரு சினிமாவுக்காகவா ஒருத்தி இவ்ளோ கோவப்படுவா? யாருகிட்ட கதை வுடற?"

எத்தனை தடவை சொல்லியும் அவள் நம்பவில்லை. பிறகு யோசித்துப் பார்த்தால் அவளைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் சனத்தில் மாமனுக்கும் அக்கா மகளுக்கும் கட்டிக்கொள்வது ஒரு வழி, விலகிக்கொள்வது இன்னொரு வழி. பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து காதோடு கதை பேசுவதற்காக ஒருத்தி வயிறெரிந்து சாவாள் என்றால் யார் நம்புவார்கள்? எனக்கு மாமாவைக் கட்டிக்கொள்ள ஆசை கனவில்கூட வந்ததில்லை. எனக்கு வேண்டியிருந்தது அந்தச் சீட்டு. அதை அத்தைக்கு விட்டுக்கொடுக்க எனக்கு மனசு இல்லை, அவ்வளவுதான்.

மாமாவுக்குப் போன் போட்டேன். எடுத்தார். "நீ எதுவும் சொல்ல வேணாம்மா, படி" என்று வைத்துவிட்டார். பாப்பா என்று கூப்பிடவில்லை. அதுவரை வந்த கோபம் எல்லாம் அத்தை மேல் வந்தது. அந்த நிமிஷம்தான் முதன்முதலாக என் மேலேயே வந்தது.

மறுநாள் யாரிடமும் சொல்லாமல் விருத்தாசலம் பஸ் பிடித்து, அங்கிருந்து பெண்ணாடம் போனேன். கரும்பு லாரிகளுக்குப் பின்னால் பஸ் ஊர்ந்தது. வழியெல்லாம் என்ன பேசுவது என்று மனப்பாடம் செய்துகொண்டு போனேன். அத்தையின் அம்மா வாசலில் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனார்கள். அத்தை வந்து நின்றாள். நான் மனப்பாடம் செய்தது எல்லாம் மறந்துபோயிற்று.

"அத்தை, நான் அந்த ட்ரெய்லரப் பதினேழு தடவை பாத்தேன். எனக்கு ரொம்பப் புடிச்சிருக்கு. நல்லால்லன்னு எழுதனதெல்லாம் பொய். எனக்கு முன்னாடி நீங்க பாத்துட்டீங்கன்னு வயித்தெரிச்சல். வேற ஒண்ணுமே இல்ல, சாமி சத்தியமா."

அவள் வாசல் திண்ணையில் உட்கார்ந்தாள். பிறகு பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

"எனக்கு அந்தப் படம்லாம் புடிக்கவே புடிக்காது பாப்பா. அவன் தாவறதப் பாத்தா தலை சுத்துது."

"அப்பறம் எதுக்கு...?"

"கல்யாணம் ஆன புதுசுல உங்க மாமா எங்கிட்டப் பேசுனதே அந்தக் கதைதான். வாயத் தொறந்தா, நானும் பாப்பாவும் அந்தப் படத்துக்குப் போனப்ப, நானும் பாப்பாவும் இந்தப் படத்துக்குப் போனப்ப. பீச்சுக்குப் போனாலும் அதான், சோத்துல கை வச்சாலும் அதான். எனக்கு எரியாதா? நானும் ஏதாச்சும் பேசணும்ல? ட்ரெய்லர் வந்ததும், அவுரு வேலைக்குப் போனப்புறம் அதையே ஒக்காந்து ஒக்காந்து பாத்து, எந்த எடம் நல்லாருக்குன்னு நோட்டம் பாத்து வச்சிக்கிட்டேன். உன் பேருல எனக்கு எவ்ளோ நாளா வயித்தெரிச்சல் தெரியுமா?"

நான் அவள் மேல் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்த காலம் எல்லாம், அவள் என் மேல் அதைவிட அதிகமாகப் பட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அவளுக்காவது காரணம் இருந்தது. இரண்டு பேரும் அழுது, பிறகு சிரித்து, அவள் அம்மா வைத்த காபியைக் குடித்தோம். அந்த வாரமே அவள் கடலூருக்குத் திரும்பினாள். என் கருத்தை நான் அழித்தேன். அதற்கு விழுந்த லைக்குகளும் அதோடு போயின.

நாங்கள் இரண்டு பேரும் சரியாகிவிட்டோம். ஆனால் பேச்சு ஒருதடவை கிளம்பிவிட்டால் அதை அழிக்க பட்டன் கிடையாது. மாமா எங்கள் வீட்டுக்கு வந்தால் நான் இருக்கும் அறைக்குள் வருவதில்லை. வாசலிலேயே நின்று, "அக்கா, மாத்திரை வாங்கியாந்தேன்" என்று கொடுத்துவிட்டுப் போவார். போனில் நான் கிடைத்தால், "அம்மாகிட்ட குடு" என்பார். அவர் மேல் தப்பு இல்லை. ஊர் வாயை மூட அவருக்கு அந்த வழிதான் தெரிந்தது.

படம் வந்தபோது, மூன்று பேரும் போவோம் என்று அத்தைதான் பிடிவாதம் பிடித்தாள். அம்மா வாயைத் திறக்கவில்லை. அதே திருப்பாப்புலியூர், மத்தியானக் காட்சி. வரிசைக்குள் முதலில் நான் போனேன். எனக்குப் பின்னால் வந்த மாமா சட்டென்று ஒதுங்கி நின்று அத்தையை முன்னால் அனுப்பினார். நான், நடுவில் அத்தை, அந்தப் பக்கம் மாமா.

படம் ஆரம்பித்தது. கூட்டம் விசில் அடித்தது. பழைய ஹீரோவுக்கு ஜே என்று ஒருத்தன் கத்த, உட்காருடா என்று நாலு பேர் திருப்பிக் கத்தினார்கள். இடைவேளை முடிந்து கொஞ்ச நேரத்தில் அத்தை தூங்கிவிட்டாள். பாவம், அவளால் எவ்வளவுதான் முடியும்?

அந்தக் கோபுரத்துக் காட்சி வந்தது. நம்மாளு கண்ணை மூடிக்கொண்டு குதித்தான். ட்ரெய்லரில் காட்டாத ஒன்றும் அதற்குப் பின்னால் இருந்தது. தியேட்டரே எழுந்து நின்றது. நான் என்னை மறந்து மாமா பக்கம் திரும்பினேன். அவரும் அதே நேரம் என் பக்கம் திரும்பி, சொல்வதற்கு வாயைத் திறந்திருந்தார். நான் காதைக் கொடுக்க முன்னால் சாய்ந்தேன்.

மாமா வாயை மூடிக்கொண்டார். பிறகு அத்தையின் தோளைத் தொட்டு எழுப்பி, அவள் காதருகே குனிந்து என்னவோ சொன்னார். அவள் அரைத் தூக்கத்தில் கண்ணைக் கசக்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"நம்மாளு இப்பதான் நம்மாளு ஆயிருக்கான்றாரு பாப்பா."

"ஆமான்னு சொல்லுங்க அத்தை" என்றேன்.